கணினிக் கேள்வி-பதில்: ‘விண்டோஸ் 10தான்’ என்றால் எந்தப் 10?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிரைவர் தகராறுதான். டிரைவர் என்றால் பிரிண்டர், வைஃபை மாதிரி ஒரு சாதனத்தோடு கணினியைப் பேசவைக்கும் மென்பொருள். பிரிண்டர் ஓடவில்லை, வைஃபையைக் காணோம், தராசு கணினியோடு பேசமாட்டேன் என்கிறது. எக்ஸெல் பற்றியும் தமிழ் தட்டச்சு பற்றியும் கேட்டவர்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, வீட்டில் டியூஷன் நடத்துகிறேன். லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்து வாங்கினேன். வந்ததிலிருந்து வைஃபை அடையாளமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் டிரைவர் போடவேண்டும் என்று சொல்லி ஏதோ இறக்கிக் கொடுத்தான். அதைத் திறந்தால் இந்தக் கணினியில் ஓடாது என்கிற மாதிரி வருகிறது. விண்டோஸ் 10தான். எந்த டிரைவர் போடுவது? – வாசகி, தட்டோன்

பதில்: அம்மா, ‘விண்டோஸ் 10தான்’ என்று முடித்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் வழி அடைபட்டது. 2015 ஜூலையில் வந்த முதல் விண்டோஸ் 10இன் பில்ட் எண், அதாவது மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள் போடும் எண், 10240. கடைசியாக வந்த 22எச்2 என்ற பதிப்பின் எண் 19045. நடுவில் 1607, 1809, 1909, 20எச்2 என்று போய் மொத்தம் 14 பதிப்புகள், எல்லாவற்றுக்கும் பெயர் விண்டோஸ் 10. ரங்கூனுக்கு வந்தவரிடம் கடை அனோரத்தா ரோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எத்தனையாவது தெரு என்று சொல்லாமல் விட்டால் அவர் எங்கே போய் நிற்பார்?

இது வெறும் கணக்குக்காகக் கேட்பதில்லை. வைஃபை போன்றவற்றின் டிரைவர் விண்டோஸின் அடிமடியில், கெர்னல் என்கிறார்களே, அங்கே உட்கார்ந்து வேலை செய்கிற பொருள். அந்த இடத்தின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. உதாரணமாக 1607இலிருந்து, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் காவல்) போட்டுப் புதிதாக நிறுவிய கணினியில், மைக்ரோசாஃப்டே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத் தராத புது கெர்னல் டிரைவரை விண்டோஸ் ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கு முந்தைய 10இல் அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே ஒருவர் வீட்டில் ஓடுகிற டிரைவர் இன்னொருவர் வீட்டில் மறுக்கப்படும், இரண்டு பேரும் விண்டோஸ் 10 என்றே எழுதுவார்கள், நான் நடுவில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? விண்டோஸ் படம் போட்ட பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் வின்வெர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஆங்கிலத்தில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர், இடைவெளி இல்லாமல். திறக்கிற ஜன்னலில் வெர்ஷன் என்று ஒன்றும், அடைப்புக்குறிக்குள் ஓஎஸ் பில்ட் என்று ஒன்றும் இருக்கும். இரண்டையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணையும் விடாமல், ஏனென்றால் கடைசியாக எந்த அப்டேட் ஏறியிருக்கிறது என்பதை அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். ‘32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புராசஸர்’ என்று அதில் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அந்த வரியில் இரண்டு பாதி இருக்கிறது. பின்பாதி உங்கள் சிப்பின் தகுதி, முன்பாதிதான் இப்போது உள்ளே ஏற்றியிருக்கும் விண்டோஸ். டிரைவருக்கு முன்பாதி மட்டுமே கணக்கு. ரேம் குறைவாக உள்ள பழைய லேப்டாப்புகளில் வேகமாக ஓடட்டும் என்று கடைக்காரர்கள் 32 பிட் போட்டுக் கொடுப்பதுண்டு. அதில் 64 பிட் டிரைவரைத் திறந்தால் ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்றுதான் வரும், நீங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதானே. அப்படியானால் அந்தப் பையன் மேல் குற்றமில்லை. 32 பிட் டிரைவரைத் தேடித் தரச் சொல்லுங்கள்.

லேப்டாப்பின் மாடல் பெயரும் போதாது. ஒரே மாடலில் சில பெட்டிகளுக்கு ஒரு கம்பெனியின் வைஃபை சிப், சிலவற்றுக்கு வேறு கம்பெனியின் சிப் என்று மாற்றிப் போட்டு விற்கிறார்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் அடையாளத்தோடு நிற்கும் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்பதன் மேல் வலது கிளிக், புராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். அங்கே விஇஎன் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து-எண்கள் சிப் செய்த கம்பெனி, டிஇவிக்குப் பின்னால் வருபவை சிப்பின் வகை. 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல். 10இசியும் சி821உம் சேர்ந்து வந்தால் அது ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அதுவரை இணையமே இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கை போன் செட்டிங்ஸில் போடுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10உடனேயே வருகிறது. டேட்டா காசு கொஞ்சம் போகும், ஆனால் பலநேரம் விண்டோஸ் அப்டேட்டே வைஃபை டிரைவரைத் தேடி எடுத்துப் போட்டுவிடும்.

கேள்வி: எதைக் கேட்டாலும் ‘வெர்ஷன் என்ன, பில்ட் என்ன’ என்று திருப்பிக் கேட்கிறீர்கள். எங்கள் தெருக் கடைத் தம்பி பெட்டியைப் பார்த்த அஞ்சு நிமிஷத்தில் சரிபண்ணிவிடுகிறார். உங்களுக்கு ஏன் இவ்வளவு விவரம்? – வாசகர், ரங்கூன்

பதில்: அண்ணே, அந்தத் தம்பியின் கையில் பெட்டி இருக்கிறது, என் கையில் உங்கள் கடிதம்தான் இருக்கிறது. அவரும் இதே எண்களைத்தான் பார்க்கிறார், வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலையை அவரிடமே கொடுங்கள், நானும் அதையே சொல்வேன். அவர் கைவிட்ட பிறகுதான் எனக்கு எழுதுகிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: கோயில் அலுவலகத்தில் அர்ச்சனை ரசீது போட ஒரு பழைய கணினி வைத்திருக்கிறோம். விண்டோஸ் 7. பிரிண்டர் பழுதாகி, ஒரு பக்தர் புதிதாக ஒன்று வாங்கித் தந்தார். டிரைவர் ஏறுகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 52 என்று இருக்கிறது. திருவிழா நெருங்குகிறது. கணினியையே மாற்றவேண்டுமா? – கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், பெகு

பதில்: ஐயா, முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். கோட் எண்ணை எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. கோட் 52 என்றால் டிரைவரில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை என்று அர்த்தம். 32 பிட் விண்டோஸ் 7ஆக இருந்தால் சிவப்பாக ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு நீங்கள் சம்மதித்தால் விட்டுவிடும். கதவையே அடைப்பது 64 பிட். ஆகவே உங்களுடையது 64 பிட் என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

நீங்கள் சொல்லாமல் விட்டது சர்வீஸ் பேக், அதாவது பல அப்டேட்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை. வின்வெர் போட்டுப் பாருங்கள். ‘வெர்ஷன் 6.1’ என்று வரும். விண்டோஸ் 7 என்றுதானே சொன்னார்கள் என்று பதற வேண்டாம், 7இன் உள்பெயர் 6.1தான், விஸ்டாவுக்கு 6.0, எட்டுக்கு 6.2. அதற்குப் பக்கத்தில் பில்ட் 7601, சர்வீஸ் பேக் 1 என்று இருக்கிறதா, அல்லது வெறும் 7600ஆ? இங்கேதான் விஷயம். இப்போது வரும் டிரைவர்களுக்குக் கையெழுத்து எஸ்எச்ஏ-2 என்ற முறையில் போடுகிறார்கள். விண்டோஸ் 7 பிறந்தபோது டிரைவர்களில் அந்த முறையைப் படிக்க அதற்குத் தெரியாது. 2015 மார்ச்சில் வந்த கேபி3033929 என்ற அப்டேட்தான் சொல்லிக்கொடுத்தது, பிறகு 2019இல் கேபி4474419 வந்தது. இரண்டும் சர்வீஸ் பேக் 1 இருந்தால்தான் ஏறும். ஆகவே 7600 என்று காட்டினால் முதலில் சர்வீஸ் பேக், அப்புறம் இந்த அப்டேட்கள், அப்புறம் பிரிண்டர் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். 7601 என்று காட்டியும் கோட் 52 வந்தால் சர்வீஸ் பேக்கோடு நிறுத்திவிட்டார்கள் என்று பொருள், அப்டேட்களை மட்டும் ஏற்றினால் போதும்.

கணினி தொடங்கும்போது எஃப்8 அழுத்திக் கையெழுத்துச் சோதனையை அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் அது அந்த ஒரு முறைக்கு மட்டும். நம் ஊரில் கரண்ட் போய் வருகிற அழகுக்கு, ஒவ்வொரு தடவையும் ரசீதுக்கு வரிசையில் நிற்பவர்களைக் காக்கவைத்துவிட்டு எஃப்8 தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கணினியை மாற்றவேண்டுமா என்றால், திருவிழாவுக்கு முன்னால் வேண்டாம். திருவிழா முடிந்து மாற்றுங்கள், 2020 ஜனவரியோடு 7க்கான பொது ஆதரவு நின்றுவிட்டது. நன்கொடையாளர் விவரமெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தால், இணைய ஒயரையாவது கழற்றி வையுங்கள்.

கேள்வி: மளிகைக் கடையில் இரண்டு கணினி. பிரிண்டர் ஒன்றில் மாட்டியிருக்கிறது, மற்றதிலிருந்தும் பிரிண்ட் போடுவோம். இப்போது இரண்டாவதில் போட்டால் 0x0000011பி என்று பிழை. புதிதாக வாங்கிய கணினி விண்டோஸ் 11. டிரைவரை மூன்று தடவை போட்டாயிற்று. இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் பழைய லேசர் பிரிண்டர் சும்மா விளக்கை எரித்துக்கொண்டு நிற்கிறது, அதுவும் இதே கோளாறா? – வாசகர், மோல்மீன்

பதில்: புதுக் கணினியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பிரிண்டர் மாட்டியிருக்கும் பழைய கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. பகிர்ந்துகொள்ளும் பிரிண்டர் என்றால் இரண்டு பக்கத்தின் வெர்ஷனும் வேண்டும். உங்களுக்கு வந்த இந்த எண் டிரைவரைப் பற்றியதே அல்ல. பிரிண்ட் வேலையை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் வழியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2021இல் அடைத்தது, அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. ஒரு பக்கம் அப்டேட் ஏறி, மறுபக்கம் ஏறாமல் இருந்தால் இந்தப் பிழை வரும். டிரைவரை முப்பது தடவை போட்டாலும் போகாது.

இரண்டையும் அப்டேட் செய்வதுதான் நேர்வழி. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்தில், ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் ஓடும் என்று சொல்வார்கள், ஓடும், ஆனால் அடைத்த ஓட்டையை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். பழையது விண்டோஸ் 7 என்றால் அதற்கு அந்த அப்டேட் கிடைப்பது கஷ்டம், அப்போது பிரிண்டரைப் புதுக் கணினியில் மாட்டிவிட்டு அங்கிருந்து பகிர்ந்து பாருங்கள். பிரிண்டரில் நெட்வொர்க் ஒயர் மாட்டும் துளை இருந்தால் இன்னும் நல்லது, ரவுட்டரில் நேராக மாட்டிவிட்டால் எந்தக் கணினியின் தயவும் வேண்டாம்.

லேசர் பிரிண்டர் கதை வேறு. மாடலை எழுதவில்லை, ஆகவே ஊகமாகச் சொல்கிறேன். எச்பி லேசர்ஜெட் 1018, 1020 போன்ற சில மலிவு மாடல்கள் தங்கள் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரையே இயக்கும் உள் மென்பொருளை, தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. பவர் போட்டதும் கணினியில் உள்ள டிரைவர்தான் ஒவ்வொரு தடவையும் ஏற்றிவிட வேண்டும். யுபிஎஸ்ஸில் கணினி மட்டும் இருந்து, பிரிண்டர் மட்டும் அணைந்து எழுந்தால் சிலசமயம் அந்த ஏற்றம் நடக்காமல் போகும். யுஎஸ்பி ஒயரைக் கழற்றி மாட்டுங்கள், அநேகமாக உயிர் வந்துவிடும்.

கேள்வி: அரிசி மண்டியில் எலக்ட்ரானிக் தராசை யுஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்திருந்தோம். விண்டோஸ் 11க்கு மாறியதும், பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012இலிருந்து கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று டிவைஸ் மேனேஜரில் வருகிறது. – வாசகர், ரங்கூன்

பதில்: செய்தியை முழுதாக எழுதினீர்கள், நன்றி, உங்களுக்கு வேறு விவரம் தேவையே இல்லை. தராசு நன்றாக இருக்கிறது, விண்டோஸும் நன்றாக இருக்கிறது. கேபிளின் தலைக்குள் இருக்கும் சிப் புராலிஃபிக் கம்பெனியின் பழைய வகை, அதற்குப் புது டிரைவரில் இடமில்லை. பழைய டிரைவரைத் தோண்டியெடுத்துப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு, அடுத்த அப்டேட்டில் மறுபடியும் அதே வாசகம் வந்து நிற்கும். சிஎச்340 அல்லது எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள் ஒன்று வாங்குங்கள். அரிசி நிறுக்கிற இடத்தில் இதோடு மல்லுக்கட்ட நேரம் ஏது?

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். உபுண்டு 20.04 (லினக்ஸ்) வைத்திருக்கிறேன். ரியல்டெக் 8821சிஇ வைஃபைக்கு ஒரு பக்கத்தைப் பார்த்து டிரைவரை நானே கம்பைல் செய்து போட்டேன், மாதக்கணக்கில் ஓடியது. நேற்று அப்டேட் செய்ததும் போய்விட்டது. உபுண்டு வெர்ஷன் மாறவே இல்லையே? – மாணவர், மாந்தலே

பதில்: தம்பி, நீ கேட்ட விதமே சந்தோஷமாக இருக்கிறது. உபுண்டு வெர்ஷன் மாறவில்லை, உண்மை. மாறியது கெர்னல். 20.04 என்பது உன் மேசையில் உள்ள மொத்தச் சாமான்களுக்கும் சேர்த்து ஒரு பெயர். டிரைவர் பார்ப்பது கெர்னல் எண்ணை மட்டும். 20.04 வந்தபோது அதனுள் 5.4 கெர்னல், அதே 20.04க்குப் பிறகு 5.8, 5.11, 5.13, 5.15 என்று அடுத்தடுத்து கொடுத்தார்கள். நீ கம்பைல் செய்த மாட்யூல், அதாவது அந்த டிரைவர் கோப்பு, அன்றைக்கு ஓடிய கெர்னலுக்கு மட்டும் தைத்தது, டிகேஎம்எஸ் முறையில் போட்டிருந்தால் புதுக் கெர்னல் வரும்போது தானாக மறுபடி கட்டிக்கொண்டிருக்கும்.

டெர்மினலில் யுநேம் என்று அடித்து, ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு, சின்ன ஆர். அதில் வருவதுதான் எனக்கு வேண்டிய எண். கூடவே எல்எஸ்பிசிஐ கட்டளையை சிறுகோடு என்என்கே என்று சேர்த்துப் போட்டால், சிப்பின் எண்ணும் எந்த மாட்யூல் அதைப் பிடித்திருக்கிறது என்பதும் ஒன்றாக வரும். அவசரத்துக்கு, கணினி தொடங்கும்போது கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை திரும்பிவிடும். ஒரு நல்ல சேதி: இந்தச் சிப்புக்கான டிரைவர் 5.9இலிருந்து கெர்னலிலேயே இருக்கிறது. இப்போது உனக்கு வந்திருப்பது அதற்கு மேல் என்றால், நீ கையால் போட்டதை நீக்கினால் போதும், இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியே 22.04 அல்லது 24.04க்குப் போய்விடு, 20.04க்கான வழக்கமான ஆதரவு 2025இலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: கடையில் விண்டோஸ் 11 என்று போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மென்பொருள் இது விண்டோஸ் 10 என்று காட்டுகிறது. கமாண்ட் பிராம்ப்டிலும் 10.0 என்றே வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, ரங்கூன்

பதில்: இல்லை அம்மா, கடைக்காரரைத் திட்ட வேண்டாம். 11ஐயும் மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள் 10.0 என்றுதான் எண்ணிடுகிறது, ரெஜிஸ்ட்ரியில் தயாரிப்புப் பெயர்கூட இன்னும் விண்டோஸ் 10 என்றே கிடக்கிறது, சில மென்பொருள்கள் அதைப் படித்துவிட்டு உளறுகின்றன. 10.0க்குப் பிறகு வரும் ஐந்து இலக்கம் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11தான். 22631 என்றால் 23எச்2, 26100 என்றால் 24எச்2.

கேள்வி: எழுதத் தெரியாதவர்கள் என்ன அனுப்புவது? – வாசகர், தட்டோன்

பதில்: படம் அனுப்புங்கள், வைபரில் போதும். வின்வெர் ஜன்னல் ஒன்று, சிஸ்டம் டைப் தெரிகிற மாதிரி ஒன்று, கோளாறு காட்டும் சாதனத்தின் டிரைவர் டேப் ஒன்று, ஹார்டுவேர் ஐடி ஒன்று. டியூப்லைட் திரையில் அடிக்காமல் நேராக நின்று எடுங்கள். பிழைச் செய்தியைத் தமிழில் மாற்றி எழுத வேண்டாம். ‘டிரைவர் சரியில்லை என்கிறது’ என்று வந்தால் அது கோட் 10ஆ, 28ஆ, 43ஆ என்று நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். 28 என்றால் டிரைவரே இல்லை, 10 என்றால் இருந்தும் கிளம்பவில்லை, 43 என்றால் சாதனமே தகராறு சொல்லி நிறுத்தப்பட்டது, மூன்றுக்கும் மருந்து வேறு. எப்போதிலிருந்து, அதற்குச் சற்று முன்னால் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியம். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். ஷட்டௌன் செய்து போடுவது அதற்கு ஈடாகாது, விண்டோஸ் 8இலிருந்து ஷட்டௌனில் கெர்னலை உறங்கவைத்து அப்படியே எழுப்புகிற ஏற்பாடு வழக்கமாக இருக்கிறது, பழைய டிரைவர் கோளாறும் கூடவே எழுந்து வரும்.

கேள்வி: என் டிரைவர் டேப்பில் தேதி 21-6-2006 என்று இருக்கிறது. போன வருஷம் வாங்கிய கணினி! பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? – வாசகர், பெகு

பதில்: பயப்படாதீர்கள். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்களுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்த ஒரே தேதியைப் போடுகிறது, அப்போதுதான் சாதனம் செய்த கம்பெனியின் டிரைவர் எந்தத் தேதியில் வந்தாலும் அதுதான் புதிது என்று எடுத்துக்கொள்ளப்படும். தேதிக்குக் கீழே டிரைவர் வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கிறதே, எனக்கு எழுதும்போது அதைப் பார்த்து எழுதுங்கள்.